மறியலுக்கு வந்த தண்ணீர்த்தொட்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் கருப்பட்டி விற்கிற ஞானப்பூ. போன வருஷம் ஆவணித் திருவிழாவுக்கு நான் திருச்செந்தூர் போனபோது, பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் கருப்பட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஏறின இடத்தில் ஆரம்பித்து கோபுரம் கண்ணில் படுகிறவரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள், நான் முருகனைக் கும்பிடுகிறவள், இரண்டு பேருமே வாயில் ஒரு பொய் வந்துவிட்டால் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள். அவ்வளவு தூரத்துக்கும் அவள் ஒரு தடவைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் அவள் சொன்னபடியே சொல்லுகிறேன்.

கொம்பன்நேரி என்று ஒரு ஊர். நானூறு வீடு, ஒரு அம்மன்கோயில், ஒரு மாதாகோயில், ஒரு கல்யாண மண்டபம், பஸ் நிற்கிற முக்கில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் ஊர். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் சுடலைவடிவு. வந்த மறுநாள் காலையில் அவள் இடுப்பில் ஒரு குடத்தைக் கொடுத்து, இரண்டு மைல் தள்ளி உடைமரக் காட்டுக்குள் இருக்கிற கிணற்றைக் கையால் காட்டினார்கள். அவளும் நடந்தாள், வெயிலில் நடந்தாள், மசக்கையில் நடந்தாள், ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு இடுப்பில் குடமுமாக நடந்தாள், நடந்து நடந்து ஒருநாள் மெயின்ரோட்டைக் கடக்கிற இடத்தில் கால் சலித்துப்போய், காலிக் குடத்தை முன்னால் வைத்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்து நின்றது, ஆரன் அடித்தது, அவள் அசையவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "ஏம்மா, என்ன வேணும் ஒனக்கு?" என்றார்.

"தண்ணி."

டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"எனக்கில்ல அண்ணாச்சி. ஊருக்கு."

அடுத்த வாரம் அவளோடு பத்துப் பேர் உட்கார்ந்தார்கள், அடுத்த மாதம் நூறு பேர், அப்புறம் ஊரே உட்கார்ந்தது. பதினொரு வருஷம் உட்கார்ந்தார்கள். தாசில்தார்கள் வந்து சமாதானம் பேசிவிட்டு மாற்றலாகிப் போனார்கள், வடிவின் பிள்ளைகள் வளர்ந்து பெரிய பள்ளிக்கூடம் போனார்கள், முக்கில் இருந்த வேப்பங்கன்று நிழல்தருகிற மரமானது, கடைசியில் ஒருநாள் நாலு காலும் ஒரு வட்டத் தலையுமாக, அறுபதாயிரம் லிட்டர் பிடிக்கிற மேல்நிலைத் தொட்டி ஒன்று ஊருக்கு வடக்கே எழும்பி நின்றது. தெருக்குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்றைக்கு வடிவு குழாய்க்கடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு, கட்டின சேலை நனைய நனைய அழுதாள் என்று சொல்வார்கள். அவள் ஆயுசில் போராடி, முழுசாகக் கைக்கு வந்து சேர்ந்த ஒரே பொருள் அந்தத் தொட்டிதான்.

அதிலிருந்து அவள் பேர் மறியல் வடிவு. பஸ்ஸுக்கு உட்கார்ந்தாள், தெருவிளக்குக்கு உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு உட்கார்ந்தாள். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தபோது வேறு யார் பேரையும் யாரும் நினைக்கவில்லை. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவேண்டிய வேலைகூட இல்லை, ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ரோட்டில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரு சின்னச் சங்கடம். தலைவியான பிறகும் வடிவுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தெருவில் ஒரு பல்பு போய்விட்டதென்றால், "ஊராட்சி நிர்வாகமே, பல்பு போடு!" என்று போய் ரோட்டில் உட்காருவாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுகிற மாசாணம் அறுபது வயசைத் தொட்ட மனுஷர். அவர் தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டார்.

"தலைவரம்மா, தப்பா நெனக்காதிய. ஊராட்சின்னா இப்ப நாமதானே?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி கேக்கேன். நம்ம ஊருக்கு நாமளே கேக்கலன்னா வேற யாரு கேப்பா?"

மறியல் முடிந்ததும் 'ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று ஒரு மனு எழுதுவார்கள், அதில் முதல் கையெழுத்து வடிவுடையது. மறுநாள் அவளே அதை ஆபீசுக்குக் கொண்டுபோய், நாற்காலியில் உட்கார்ந்து, தானே வாங்கி, 'பெறப்பட்டது' என்று எழுதி, பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டுவாள். மனு கொடுத்த திருப்தியும் மனு வாங்கிய திருப்தியும் ஒரே நாளில் அவளுக்குக் கிடைத்தன. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் மறியலுக்கு அழைப்பு வந்தது, அவளும் எல்லாவற்றுக்கும் போனாள். கையெழுத்து வாங்கவேண்டிய ஃபைல்களை ஆபீஸ் கிளார்க் ரோட்டுக்கே கொண்டுவருவார். ஒரு கோஷத்துக்கும் அடுத்த கோஷத்துக்கும் நடுவில் அவள் போட்டுக் கொடுப்பாள்.

இப்படி இரண்டு வருஷம் போனபின் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் போட வந்த மாசாணம் பார்க்கிறார், தொட்டி இல்லை. கால் ஊன்றியிருந்த இடத்தில் நாலு குழி இருந்தது, ஏற்றுகிற குழாய் பிய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசாணத்துக்கு முதலில் வந்த கவலை, தொட்டியின் காலில் ஆணியடித்து மாட்டியிருந்த தன் சட்டையும் கூடப் போய்விட்டதே என்பதுதான். சுவடு பார்த்துக்கொண்டே நடந்தார். வயலுக்குள் இறங்காமல், ஒரு வேலியை மிதிக்காமல், வண்டிப்பாதையோடு ஒழுங்காக நடந்து போயிருந்தது தொட்டி. போய், மெயின்ரோட்டு முக்கில், வடிவு எப்போதும் உட்காருகிற அதே இடத்தில், நாலு காலையும் ஒட்டகம் மடக்குவதுபோல மடக்கி, வயிறு தரையில் படும்படி உட்கார்ந்திருந்தது.

காலை ஐந்தே முக்கால் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "மறியல். கொம்பன்நேரிக்காரங்க இறங்கு, மத்தவங்க உக்காந்து தூங்கு" என்றார். பஸ்ஸில் இருந்த ஒருத்தரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பதுதானே வழக்கம். ஒரு அம்மாள் மட்டும், "இந்தத் தடவை வடிவு கொஞ்சம் பெரிய ஆளாக் கூட்டிட்டு வந்திருக்கா" என்றாளாம்.

வடிவு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வாயைக் கொப்பளித்தவள் கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டு உக்காந்துச்சு?" என்பது. தனக்குத் தெரியாமல் தன் ஊரில் ஒரு மறியலா என்று அவளுக்குக் கோபம். ஓட்டமும் நடையுமாகப் போய் அதன் முன்னால் நின்று, அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாமல் நேருக்கு நேராகவே பார்த்து, "என்ன கோரிக்கை? சொல்லு. சொன்னாத்தான தெரியும்!" என்றாள். தொட்டிக்குள்ளே தண்ணீர் ஒரு தடவை 'களுக்' என்றது.

ஊர் அன்றைக்கு மத்தியானத்துக்குள் பழகிக்கொண்டது. மாசாணம் தொட்டியின் பின்பக்கத்துக் குழாயில் இரண்டு திருகுபைப்பு மாட்டிக் கொடுத்தார், பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், தெருக்குழாயைவிட இங்கே வேகமாக வருகிறதென்று சந்தோஷப்பட்டார்கள். வடிவின் வீட்டுக்காரர் தன் டீக்கடையை வேப்பமரத்தடிக்கு மாற்றினார். அம்மன்கோயில் பூசாரி வந்து குங்குமம் வைத்தார், மாதாகோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வயிற்றுக்குள் அறுபதாயிரம் லிட்டரை வைத்திருக்கிற தொட்டிக்கு அந்த ஒரு சிட்டிகைத் தண்ணீர் உறைக்கவில்லை.

போலீஸ் வந்தது. எஸ்.ஐ. இக்னேஷியஸ் நல்ல மனுஷர், முறைப்படி நடப்பவர். அனுமதி இல்லாமல் ஐந்து பேர் கூடினால்தான் சட்டப்படி குற்றம், இது ஒன்றுதானே இருக்கிறது என்று அவர் யோசிக்க, நாலு காலையும் தலையையும் சேர்த்தால் ஐந்து வருகிறது ஐயா என்று ஏட்டு எடுத்துக்கொடுத்தார். உடனே எஸ்.ஐ. மைக்கைப் பிடித்து, "கலைந்து செல்லுங்கள், இல்லாவிட்டால் கைது செய்யப்படுவீர்கள்" என்று மூன்று தடவை அறிவித்தார். அப்புறம் கைது செய்தார்.

மறியலில் கைதானவர்களை நம் பக்கத்தில் எங்கே கொண்டுபோவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஜெயிலுக்கு இல்லை, கல்யாண மண்டபத்துக்கு. ஃபேனுக்கடியில் உட்காரவைத்து, மத்தியானம் லெமன்சாதப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். வடிவு அந்த மண்டபத்தில் அத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள், அவள் மகள் கல்யாணம் அங்கே நடந்தபோது சமையல்காரர் பழக்கதோஷத்தில் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார். இப்போது மண்டபத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, நாளைக்குக் காதுகுத்து இருக்கு. நம்ம வாசல் உயரம் பத்தடி. இவுக உக்காந்தே பதினஞ்சடி இருக்காவளே!"

எஸ்.ஐ. யோசித்தார். ஒரு கயிற்றைக் கொண்டுவரச் சொல்லித் தொட்டியைச் சுற்றிக் கட்டி, "கயிற்றுக்குள்ள இருக்கிறது மண்டபம்னு எழுதிக்கோ" என்று ஏட்டிடம் சொன்னார். பொட்டலம் ஒன்று வாங்கித் தொட்டிக்கு முன்னால் வைத்தார்கள், அதைக் காக்கை சாப்பிட்டது. ஆறு மணிக்குக் கயிற்றை அவிழ்த்து, "நீங்கள் விடுதலை செய்யப்பட்டீர்கள்" என்றார்கள். தொட்டி போகவில்லை.

புதன்கிழமை கட்சிக்காரர்கள் வந்தார்கள். தொட்டி தங்கள் போராட்டத்துக்கு ஆதரவாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று மூன்று கட்சியும் சொன்னது, மூன்று கட்சியும் கொடி கட்டியது. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் மூன்று கொடியையும் காணோம். ஒரு கட்சி மற்ற இரண்டைத் திட்டியது, மற்ற இரண்டும் அந்த ஒன்றைத் திட்டின, இதில் ஒரு நாள் போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் பி.டி.ஓ. ஜீப்பில் வந்து, தொட்டியின் நெற்றியில் பசை தடவி ஒரு நோட்டீஸ் ஒட்டினார். சாலை ஆக்கிரமிப்பு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மந்திரியின் வண்டிகள் இந்த வழியாகப் போகின்றன. அதற்குள் தொட்டி தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால், இடிக்கிற மிஷின் வரும்.

வடிவு நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். "இடிச்சிட்டா வேற தொட்டி குடுப்பியளா சார்?"

"மனு எழுதிக் குடுங்க தலைவரம்மா. பரிசீலனைக்கு அனுப்புவோம்."

அந்த வார்த்தையை அவள் முதல் தடவை கேட்டபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. இன்னும் ஒரு பதினொரு வருஷம். அதுவரைக்கும் உடைமரக் காடு, இரண்டு மைல், இந்தத் தடவை அவளுக்குப் பதிலாக அவள் மருமகள். தொட்டியில் இருக்கிற தண்ணீரோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாண்டாது, ஏற்றுவதற்குக் குழாயும் இல்லை. அம்மனே, எங்கள் தொட்டியைக் காப்பாற்று என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டவள், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பாயை விரித்துத் தொட்டிக்கு எதிராக உண்ணாவிரதம் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு எழுந்திரு! தொட்டியே எழுந்திரு!" என்று அவள் கையைத் தூக்க, கூட இருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். ஆனால் யாருக்கு யார் எதிரி என்று ஊருக்குப் பிடிபடவில்லை. காலையில் வடிவோடு உட்கார்ந்தவர்கள் வெயில் ஏறியதும் நிழலுக்காகத் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள், நிழல் திரும்பியதும் மறுபடி வடிவிடம் வந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் டீ கொடுத்த அவள் வீட்டுக்காரர் மட்டும், "இதுவரைக்கும் நான் பாத்த மறியல்லயே ரெண்டு பக்கத்துலயும் சத்தம் போடாம நியாயமா இருக்கிற ஆளு அந்தத் தொட்டிதான்" என்று முணுமுணுத்தார். அது வடிவின் காதில் விழுந்தது, அவள் கேட்காததுபோல இருந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் அவளுக்கு நாக்கு வறண்டது. உண்ணாவிரதத்தில் தண்ணீர் குடிக்கலாம். அவளுடைய நாத்தனார் சீனியம்மாள் பின்பக்கத்து வரிசையில் குடத்தோடு நின்றாள், வடிவின் வீட்டுக்கும் சேர்த்துத் தினமும் தண்ணீர் பிடிப்பவள் அவள்தான். பாயை விட்டு எழுந்து டம்ளரோடு வடிவே அங்கே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பைப்பின் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால், காணாமல்போன கட்சிக்கொடி.

"என்ன மதினி இது, கொடியக் கொண்டுவந்து குழாயில கட்டியிருக்கிய?"

"நெருக்கமான நெசவுட்டி. பழைய வேட்டியில பாசி இறங்கிருது, இதுல இறங்க மாட்டேங்கு. மூணு கொடியும் நல்லாத்தான் இருக்கு, எந்தக் கட்சியையும் கொறை சொல்ல முடியாது."

"பாசியா?"

"என்னட்டி, இந்த ஊர்ல இல்லாதவ மாதிரிக் கேக்க? ரெண்டு வருசமா வீட்டுக்கு வீடு துணி கட்டித்தான புடிக்கோம்." சீனியம்மாள் துணியை அவிழ்த்து விரித்துக் காட்டினாள். பச்சைப் பாசி, சேறு, ஒரு புறா இறகு, நெளிகிற சின்னப் புழு ஒன்று. "வடிகட்டி, கொதிக்கவச்சு, ஆத்தி, பானையில ஊத்தி வப்பேன். நீ வந்து குடிச்சிட்டு மறியலுக்கு ஓடுவ. ஒனக்கு எங்க தெரியும்?"

"ஏன் மதினி என்கிட்ட சொல்லல?"

"சொல்லாமயா? மூணு மனு எழுதி ஒன் கையில குடுத்தோம். நீதான் வாங்குன, நீதான் கையெழுத்துப் போட்ட, நீதான் பீரோவில வச்ச."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். வடிவு மெல்லத் தொட்டியின் காலருகே போனாள். அங்கே நீலப் பெயிண்டில், முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது: 'கடைசியாகச் சுத்தம் செய்த நாள்'. அதற்கு நேரே இந்த மாதத்துத் தேதி. நகத்தால் சுரண்டினாள். அதற்கடியில் போன மாதத்துத் தேதி, அதற்கடியில் அதற்கு முந்தின மாதம், விரல்மொத்தத்துக்குத் தேதிமேல் தேதியாகப் பெயிண்ட் தடித்திருந்தது.

"மாசாணண்ணாச்சி!"

மாசாணம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தலைவரம்மா, நான் மறைக்கல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, தொட்டி கழுவணும், எனக்கு முட்டிவலி, ஏணி ஏற முடியல, ரெண்டு ஆளு வேணும்னு ஃபைலக் கொண்டுவந்து ரோட்டுல ஒங்ககிட்ட நீட்டுனேன். பெட்ரோல் வெலைக்கு மறியல் அன்னைக்கு. மைக்க ஒரு கையில பிடிச்சிக்கிட்டே, 'இப்போதைக்குத் தேதியப் போட்ருங்க அண்ணாச்சி, கழுவுறத அப்புறம் பாப்போம்'னு கையெழுத்துப் போட்டிய. அன்னையில இருந்து மாசாமாசம் தவறாம தேதியப் போட்டுட்டு வாரேன். எழுத்துல ஒரு பிழ இருக்கான்னு நீங்களே பாருங்க."

பிழை இல்லை. அழகான எழுத்து. வடிவு தேதியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மடக்கி வைத்த கால்களைப் பார்த்தாள். நாலு நாளாக எதிரே இருந்து பார்த்த தொட்டியை அப்போதுதான் அவள் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறாள். முப்பதடி உயரத்தில் நின்றது தன் வயிற்றைத் தரையில் வைத்து, இரும்பேணியின் முதல் படியை அவள் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. கோயில் யானை மேலே ஏற ஆள் வரட்டும் என்று முன்னங்காலை மடக்கிக் கொடுக்குமே, அதைப் போல.

"அப்ப ஏன் அதோட இடத்துலயே உக்காந்திருக்கக் கூடாது? இவ்வளவு தூரம் ரோட்டுக்கு வருவானேன்?" என்று அவள் தனக்குத்தானே கேட்டது சத்தமாகவே வந்துவிட்டது.

"ஒன்னயப் பாக்கணும்னா வேற எங்கட்டி வரணும்?" என்றாள் சீனியம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வடிவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆபீசில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன, கிளார்க் அவற்றை நாற்காலி போல அடுக்கி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார், அவரை எழுப்பி ஒரு மூட்டையைத் தூக்கிவரச் சொன்னாள். தென்னந்துடைப்பம் இரண்டு, நார்ப் பிரஷ் ஒன்று. ஏணியில் ஏறினாள். கனத்த உடம்பு, வயசும் ஆகிவிட்டது, படிக்கு ஒரு தடவை அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறி, மூடியைத் தள்ளி உள்ளே இறங்கினாள்.

உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரும் முழங்கால் அளவு சேறும் கிடந்தன. சுவரெல்லாம் பாசி, மேலே ஓரத்தில் புறாக்கூடு. எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. திகைத்தால் அவள் வாய் தானாகச் செய்கிற ஒன்றைச் செய்தது. கையைத் தூக்கி, "வேண்டும் வேண்டும்!" என்றாள். சுற்றுச்சுவரும் அவள் குரலிலேயே, "வேண்டும் வேண்டும்" என்றது. "சுத்தம் செய்து தரவேண்டும்!" என்றாள். "தரவேண்டும், தரவேண்டும்" என்று அது அவளையே கேட்டது. யாரிடம் கேட்கிறோமோ அவரும் இல்லை, கூடக் கத்துகிறவர்களும் இல்லை, வட்டமான இருட்டுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள். துடைப்பத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வெளியே 'சரட் சரட்' என்று சத்தம் கேட்டது. மாசாணம் ஏணியில் பாதி ஏறி வாளியைக் கயிற்றில் இறக்கினார், சேறு வாளி வாளியாக மேலே வந்தது, வாங்கிக் கொட்ட ஒரு வரிசை தானாகச் சேர்ந்தது. கழுவத் தண்ணீர் போதாது என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது பெண்கள் யோசித்தார்கள். வீட்டில் பிடித்து வைத்திருப்பதுதான் கடைசித் தண்ணீர். முதலில் சீனியம்மாள் தன் குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் வீட்டுக்கு ஒரு குடமாகத் தெருவெல்லாம் வந்தது. மாதாகோயில் சாமியாரும் ஒரு வாளி கொண்டுவந்தார், இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே. எடுத்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிக் கொடுத்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். உள்ளே கடைசி ஓரத்தை வடிவு தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. பிறகு பின்காலை ஊன்றி, முன்காலை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றது.

"ஏய், ஏய்! நான் உள்ள இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து வடிவு கத்தினாள்.

தொட்டி திரும்பி, வந்த வழியே வடக்கே நடக்க ஆரம்பித்தது. நிறைமாதக்காரி நடப்பதுபோல நிதானமாக, வேலியை மிதிக்காமல், கோழிகளுக்கு ஒதுங்கி நடந்தது. ஊர் பின்னால் நடந்தது. எஸ்.ஐ. இக்னேஷியஸ், ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கவில்லையே என்று ஒரு நிமிஷம் தவித்தார், பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், விசில் ஊதி வழி விலக்கினார். போகப் போகத் தொட்டிக்குள்ளேயிருந்து, "மாசாணண்ணாச்சி, விழுந்திராம இருக்கியளா? ஏணியக் கெட்டியாப் புடிங்க! யாராவது பிளம்பருக்குச் சொல்லி விடுங்க, குழாயை இப்பவே மாட்டணும்! அந்தத் தேதிய அழிங்க, நான் இறங்கி வந்து சொன்னப்புறம் எழுதுங்க!" என்று வடிவின் குரல் கோயில் மணி மாதிரி முழங்கிக்கொண்டே வந்தது. ரோட்டில் அவள் போட்ட சத்தம் எல்லாவற்றையும்விட அன்றைக்குத் தொட்டிக்குள்ளேயிருந்து போட்ட சத்தம்தான் ஊருக்கு நன்றாகக் கேட்டது என்று ஞானப்பூ சொன்னாள்.

அந்த நாலு குழியில் நாலு காலையும் சரியாக வைத்துத் தொட்டி நின்றது. நின்றபின் அவள் முப்பதடி ஏணியில் பாசி மணக்க மணக்க இறங்கி வந்தாள்.

பிளம்பர் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை மாட்டிக் கொடுக்க, மறுநாள் காலை ஏழு மணிக்கு மாசாணம் மோட்டார் போட்டார். எட்டரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. துணி கட்டாமல் சீனியம்மாள் ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வடிவின் கையில் கொடுத்தாள், வடிவு எல்லார் முன்னாலும் குடித்தாள். பத்து மணிக்கு மந்திரியின் வண்டிகள் அந்த முக்கில் நிற்காமலே போயின. இடிக்கிற மிஷின் பன்னிரண்டு மணிக்கு வந்து, இடிக்க ஒன்றும் இல்லாததால் டீ குடித்துவிட்டுப் போயிற்று. பி.டி.ஓ. மட்டும் விடவில்லை.

"மறியல் வாபஸ்னு எழுதணும். கோரிக்கை என்னன்னு கேக்குறாங்க மேலே."

"குளிப்பாட்டச் சொல்லிச்சு சார்" என்றார் மாசாணம்.

பி.டி.ஓ. யோசித்து, 'பராமரிப்பு' என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் பீரோவைத் திறந்து வடிவு பழைய மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வேனில் இருந்தவர்கள் கொடியை ஆட்டிக் கூப்பிட்டார்கள்.

"வடிவக்கா, வாங்க! குடிதண்ணிக்காகப் பெரிய மறியல், நீங்க இல்லாம எப்படி?"

வடிவு இடுப்பிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்துக் காட்டினாள்.

"தண்ணிக்குச் சாவி என் இடுப்புலல்லா இருக்கு. நான் யார்ட்டப் போயி கேக்க?"

"அப்ப இனிமே மறியலுக்கே வர மாட்டியளா?"

"சாவி என்கிட்ட இல்லாத விசயமா இருந்தாச் சொல்லு தம்பி. குடத்தோட மொத ஆளா வந்து உக்காருதேன்."

வேன் போயிற்று. அவள் அடுத்த மனுவைப் பிரித்தாள். பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுகிறது என்று இருந்தது. ஓடு எங்கே வாங்குவது என்று கிளார்க்கைக் கேட்டாள்.

இவ்வளவுதான் ஞானப்பூ சொன்னது. கேட்ட உங்களிடம் நான் பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் தெருவுக்கு நீங்கள் ஓட்டுப் போட்டவர் யாராவது வந்தால், காப்பி, கலர் என்று சிரமப்படவேண்டாம். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுங்கள், அவர் குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள்.